முதலைக்கு மட்டும் ஏன் நான்கு அறை? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி உயிரியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறைகள், முதலைக்கு மட்டும் நான்கு. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். முதலைக்கு மட்டும் ஏன் அப்படி என்பதையும் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பல்லியைவிடப் பறவைதான் முதலைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் பொதுவான மூதாதை சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பறவைக்கும் நான்கு அறை இதயம்தான்; இரண்டுக்கும் அது அந்த மூதாதை வழியாக வந்தது. பல்லி, பாம்புகளின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்க, தாய் முதலை வந்து கூட்டைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும்.

கெட்டிக்கார மாணவி உடனே கேட்பாள்: “எனக்கும் நான்கு அறைதானே, நானும் முதலைக்குச் சொந்தமா?” வகைப்பாட்டியலே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பாலூட்டிகளின் கிளை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்து, நான்கு அறை இதயத்தைத் தனியாகப் பெற்றது. ஆக, ஒரேயொரு ஒற்றுமையை நம்பி உறவு சொல்ல முடியாது. ஜெர்மனியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் இதற்கு ஒரு நெறி வகுத்தார். நான்கு கால்கள் தவளைக்கும் உண்டு, ஓணானுக்கும் உண்டு. அப்படிப் பழைய மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த பண்பு நெருங்கிய உறவுக்குச் சாட்சியாகாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தவை பகிர்ந்துகொள்ளும் பண்புதான் சாட்சி. கண்குழிக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே மண்டையோட்டில் இருக்கும் திறப்பு அப்படிப்பட்டது. பறவைகளில் அது இன்றும் உண்டு. இன்றைய முதலைகளில் மூடிவிட்டாலும், அவற்றின் பழங்கால உறவுகளின் புதைபடிவங்களில் தெளிவாகத் தெரிகிறது. டிஎன்ஏ ஒப்பீடும் இதே உறவைத்தான் காட்டுகிறது.

‘ஊர்வன’ என்ற தலைப்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. அட்டவணைக்குப் பக்கத்தில் மனிதன், பல்லி, முதலை, கோழி நான்கையும் வைத்து ஒரு கிளைப்படம் போடுங்கள். பெயர்கள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது, கிளை எங்கே பிரிகிறது என்று பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். அப்புறம், பயிற்சி வினாக்களில் விதிவிலக்கைக் கேட்கும் அந்த ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, இந்தப் படத்தைக் கொடுத்து, “முதலைக்கு நெருங்கிய உறவு எது? எப்படிச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை