நாளைக்குக் கடன் உண்டா, சாமி?

காவிரிப் படுகைப் பங்குத்தந்தையர் அனைவருக்கும் தோத்திரம். நான் கேட்பது பணக் கடனை அல்ல, ஞாயிறு போலக் கட்டாயம் பூசைக்குப் போயாக வேண்டிய திருநாள் கடனை.

2024 டிசம்பர் 9, திங்கட்கிழமை. தாளடி வயலில் களை பறிக்க ஆள் கூப்பிட்டிருந்தார்கள். என் சின்னம்மா போகவில்லை. மாதா பாவ மாசின்றிக் கருவானதைக் கொண்டாடும் டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாள் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக்கால ஞாயிறுக்கு மாதா திருநாளும் வழிவிட்டாக வேண்டும் என்பதால் திங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். “திங்களும் கடன்தான் அம்மா, பூசை காணாவிட்டால் பாவம்” என்று அமெரிக்காவிலிருந்து மகள் போனில் சொல்லிவிட்டாள். விடிந்ததும் போனால் கோயில் பூட்டிக்கிடந்தது. பூசை மாலையில்தானாம். அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இருக்கும் நாட்டில் அது கடன் திருநாள். திருநாள் நகர்ந்தால் கடனும் கூடவே நகரும் என்று அந்தச் செப்டம்பரில்தான் வத்திக்கானின் சட்டத் துறை எழுதியிருந்தது. 2025 ஜனவரியில் வழிபாட்டுத் துறை வேறு குறிப்பு வெளியிட்டது: இப்படித் தள்ளிப்போகும் திருநாளுக்குக் கடன் கிடையாது. உரோமையிலேயே நாலைந்து மாதத்தில் பேச்சு மாறும்போது, களைக்குப் போகிற பெண் எதை நம்புவார்?

ஆனால் சின்னம்மாவுக்கு இந்த வழக்கே வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டம் 1246 ஞாயிறு தவிர பத்துத் திருநாட்களைச் சொல்லிவிட்டு, அவற்றைக் குறைக்கும் உரிமையை உரோமையின் ஒப்புதலோடு ஆயர் பேரவைகளுக்குக் கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் மிஞ்சியிருப்பவை கிறிஸ்து பிறப்பும் ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பும். டிசம்பர் 8 எந்தக் கிழமையில் வந்தாலும் சின்னம்மாவுக்குக் கடன் இல்லை. கல்யாண ஓலை, தேர் வரி, அன்பியக் கூட்டம் என்று பூசை முடிவில் அத்தனையும் வாசிக்கிறீர்கள். இதை மட்டும் எந்தப் பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை.

கடன் என்ற சொல்லுக்கே இந்தப் பக்கத்தில் வயிறு கலங்கும். பயிர்க்கடன், நகைக்கடன் எது தள்ளுபடியானாலும் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டியல் ஒட்டுவார்கள். ஆண்டவருக்குச் செலுத்தும் கடனில் எது தள்ளுபடி என்று எங்கே போய்ப் பார்ப்பது?

விண்ணேற்புத் திருநாளுக்கும் இதே குழப்பம் காத்திருக்கிறது. 2026இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. சனி மாலைப் பூசை ஞாயிறுக்கும் சேரும் என்பதால், அந்த ஒரே பூசையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். முடியாது, கடன் இரண்டு, பூசையும் இரண்டு. 2027இல் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. திருவருகைக்காலம் போன்ற சிறப்புக் காலத்தில் சேராத பொதுக்கால ஞாயிறு என்பதால் இந்த முறை ஞாயிறுதான் வழிவிடும். ஒரே பூசை போதும், திங்களன்று பாக்கி எதுவும் இல்லை.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் அவருக்குக் கடனிலிருந்து விலக்குத் தரப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு என்கிறது சட்டம் 1245. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

கடன் இல்லை என்று அறிவித்தால் கோயில் காலியாகிவிடும் என்று அஞ்சுகிறீர்களோ? செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் கடன் திருநாள் அல்ல. அதற்குத்தான் காவி உடுத்தி, கால் கொப்பளிக்க வேளாங்கண்ணிக்கு நடக்கிறது சனம்.

ஆகவே, ஒவ்வொரு திருநாளுக்கும் முந்தின ஞாயிறு, கடன் உண்டா இல்லையா என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பூசை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் கதவில் ஒட்டுங்கள். சின்னம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

இப்படிக்கு,
முன்னாள் உபதேசியார் ஒருவர்