பால்மாப் பேணியில் கிடந்த நாட்கள்

கோண்டாவில்,
ஞாயிறு இரவு.

என் பிள்ளைக்கு,

போன கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "அடுப்பில் பால் இருக்கு, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. குசினிக் கதவடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்பா வந்து "என்னவாம்?" என்றார். "சம்பளம் போட்டுட்டாங்களாம்" என்று அவருக்கும் ஒரு பொய்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. "அம்மா, அந்த மாதங்களை எழுதி அனுப்புங்கோ. ஆரும் கேட்டால் சொல்லுறதுக்கு என்னட்டை ஒண்டுமில்லை. மற்ற ஆக்கள் சொன்னதுதான் இருக்கு" என்றாய். உன் வாழ்க்கையில் ஐந்து மாதம் உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அதுதான் தையல் மெசினை மூடி வைத்துவிட்டு எழுத இருக்கிறேன்.

அந்த நாட்களில் தினமும் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தேன். டொக்டர்மார் கேட்டால் சொல்லத்தான் தொடங்கினேன். பிறகு பழக்கமாகிவிட்டது. எல்லாம் பால்மாப் பேணி ஒன்றில் கிடக்கிறது.

முதல் தாள் 2022 மார்ச் 18. "பிள்ளை நித்திரை கொள்ளவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அந்த நாட்களில் ஊரில் யார்தான் நித்திரை கொண்டது? கரண்ட் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடிய நாலு மணிக்கு வரிசை. நீ இருட்டில் இருந்து தனியே கதைத்தாய். சோதனைக்குப் பாடமாக்குகிறாய் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டார் உன் கொப்பிகளை வாசிக்கிறார்கள் என்றாய். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து, "நீங்கள் அம்மா மாதிரி இருக்கிறியள், ஆனால் அம்மா இல்லை" என்றாய். அந்தத் தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை, திகதி மட்டும்தான்.

தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் உன்னோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு, படிப்பு அழுத்தம் என்று நித்திரைக் குளிசை தந்தார். குளிசை போட்டும் நீ படுக்கவில்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. உன் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பைப் பற்றி நீ கேட்டபோது, ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்த நேரம் கட்டிலோடு கட்டியதால் வந்தது என்றேன். அது ஆஸ்பத்திரியில் வந்ததில்லை. மார்ச் 26 சனிக்கிழமை, உன்னைப் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். அப்பா வேண்டாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. நீ உதறினாய், கத்தினாய். கையைக் கட்டச் சொன்னார்கள். கயிறு இருக்கவில்லை, என் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். அந்த நீலக் கரை போட்ட வொயில் சேலை. வேப்பிலை, சாம்பிராணிப் புகை, உடுக்குச் சத்தம் என்று இரண்டரை மணித்தியாலம். நீ இழுக்க இழுக்க சேலை முறுகிக் கையை அறுத்தது. எனக்கு அது தெரிந்தது. அவிழ்த்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை உனக்குச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். நீ கோபப்படு. போன் எடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்ச நாள் இரு. ஆனால் அந்தத் தழும்பு எங்கே வந்தது என்று தெரியாமல் நீ இருக்கக்கூடாது.

மார்ச் 31, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் ஒன்று. கிணற்றடியில் வாளியோடு நின்ற நீ அப்படியே விழுந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்தது. தம்பி 1990 அம்புலன்சுக்கு அடித்தான். பெரியாஸ்பத்திரியில் வயதில் சின்ன ஒரு பெண் டொக்டர் உன்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இது படிப்பு அழுத்தமும் இல்லை, பேயும் இல்லை என்று. உன் வாய் மென்று கொண்டே இருப்பதை, கை காற்றில் எதையோ பிடிப்பதை அவர் குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தார். முள்ளந்தண்டில் நீர் எடுத்தார்கள். வருத்தத்தின் பெயர் பிறகுதான் தெரிந்தது, ஒரு வகை மூளையழற்சி என்று.

அதை நீ இப்போது என்னைவிட நன்றாகச் சொல்வாய். ஆனால் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். உடம்பு கிருமிக்கு எதிராகச் செய்யும் பிறபொருளெதிரி வழி மாறி மூளையைப் பிடித்துவிட்டது. மூளையில் செய்தியைப் பிடிக்கிற என்.எம்.டி.ஏ. என்று ஒரு வாங்கி இருக்கிறதாம், நினைவுக்கும் யோசனைக்கும் அதுதான் வேண்டும். அதைத்தான் அது தாக்கியது. உன் சூலகத்தில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அந்த வகைக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசுகூட இருக்குமாம். அந்த நரம்பைப் பார்த்துத்தான் உடம்பு ஏமாந்தது. உன் வயதுப் பெண்கள் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது என்றார்கள். கட்டியை எடுத்தாயிற்று. மற்றச் சூலகம் நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி உன் சித்தி என்ன சொன்னாலும் காதில் போடாதே.

இந்த வருத்தத்துக்கு டல்மாவ் என்ற ஸ்பானிய டொக்டர் அமெரிக்காவில் இருந்து பெயர் வைத்ததே 2007 இல்தான். நீ பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படித்த வருடம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டி, சீனிக்கும் மாவுக்கும் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம். அதற்கு முன்னால் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்க் கட்டி வைத்திருப்பார்கள் என்று இரவில் நினைப்பேன். பிறகு என் சேலை நினைவுக்கு வரும்.

ஏப்ரல் பிற்பகுதியில் கொழும்புக்கு மாற்றினார்கள். நான் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் நின்று, பஸ் இல்லாத நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனேன். ஸ்டீரொயிட் ஏற்றினார்கள். இரத்தத்தின் நீரை எடுத்து வேறு நீர் மாற்றினார்கள். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. தாலிக்கொடியை அடகு வைத்தோம். மீட்டுவிட்டோம், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

41 நாள் நீ அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாய். மே 9 இல் ஊரடங்கு போட்டதால் அன்று இரவு வாட்டுக்கு வெளியே வாங்கிலில் படுத்தேன். பக்கத்தில் ஒரு சிங்களத் தாய், அவருடைய மகனுக்கு விபத்து. எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தார். அன்றைய தாளில் உன்னைப் பற்றி ஒன்றும் இல்லை, "பாண்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

சின்ன டொக்டர் ஒருவர், தமிழ்ப் பிள்ளை, எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். 577 நோயாளரைப் பின்தொடர்ந்து பார்த்து 2013 இல் ஒரு ஆய்வு வந்ததாம். இரண்டு வருடம் பொறுத்தால் பத்தில் எட்டுப் பேர் நன்றாக வந்துவிடுகிறார்களாம். வருத்தம் எந்த வரிசையில் வந்ததோ அதற்குத் தலைகீழாகத்தான் போகும் என்றும் சொன்னார். முதலில் மூச்சு, பிறகு கண், பிறகு கை கால். பிள்ளையின் நினைவும் நிதானமும் கடைசியாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள் அம்மா என்றார். பத்தில் எட்டை நான் விரலில் எண்ணி எண்ணிப் பார்த்தேன். மிச்சம் இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொள்வேன்.

நல்லூரானுக்கு அடியழிப்பதாக நேர்ந்ததும் அப்போதுதான். முருகனா டொக்டரா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இருவருக்கும் கடன் இருக்கிறது.

ஒரு தாளை மட்டும் வாசித்து நானே சிரிப்பேன். ஜூலை மாதம் நீ கதைக்கத் தொடங்கியிருந்தாய். ஒவ்வொரு காலையும் டொக்டர் வந்து உன் பெயர், இது எந்த இடம், நாட்டின் ஜனாதிபதி யார் என்று கேட்பார். முதல் இரண்டும் சில நாள் பிழைக்கும், மூன்றாவது மட்டும் "கோட்டா" என்று உடனே வரும். ஜூலை 14 காலையும் நீ "கோட்டா" என்றாய். அவர் நாட்டை விட்டு ஓடி ஒரு நாள், பதவி விலகல் கடிதம் இன்னும் வரவில்லை. டொக்டர் தாதியைப் பார்த்தார், தாதி என்னைப் பார்த்தார். "இண்டைக்கு இந்தக் கேள்வியை விடுவம், எனக்கே தெரியாது" என்றார் டொக்டர். நீயும் சிரித்தாய். மார்ச்சுக்குப் பிறகு நீ சிரித்தது அன்றுதான். காரணம் விளங்கிச் சிரித்தாயா, நாங்கள் சிரித்ததற்குச் சிரித்தாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஓகஸ்டில் ரயிலில் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு உனக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கும்.

ஆனால் தேத்தண்ணித் தாள் நினைவிருக்கிறதா? தண்ணியைக் கொதிக்க வைத்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் கேத்திலைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். ஒருநாள் சீனியை வடியில் போட்டுத் தேயிலையைக் கோப்பைக்குள் கொட்டிவிட்டு, கோப்பையைத் தூக்கி நிலத்தில் அடித்தாய். அடுத்த நாள் நீயே ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு ஏழு வரி எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாய். "ஏழு: அடுப்பை நிப்பாட்டு" என்று அடியில் கோடு போட்டிருந்தாய். எழுத்து ஆண்டு மூன்று பிள்ளையின் எழுத்துப் போல இருந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் அதைக் கழற்றி மாப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவேன். போன பிறகு திரும்ப ஒட்டுவேன். நீ ஒருநாள் கண்டுவிட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை மாமாக்கள் வந்தபோது நீயே கழற்றி வைத்தாய். அன்றுதான் எனக்குச் சுட்டது.

அதைவிட மோசமாக நான் செய்தது, "முந்தி நீ..." என்று தொடங்கிய கதைகள். முந்தி நீ ஒரு தரம் வாசித்தால் போதும், முந்தி நீ நாலு பேரோடு ஒரே நேரத்தில் கதைப்பாய். விசேட பட்டத்துக்குத் தெரிவானவள் பொதுப் பட்டத்தோடு நிற்கிறேன் என்றபோது நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. உன் கூட்டாளிகள் பட்டமளிப்புப் படம் போட்ட அன்று நீ போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்காய் வெட்ட வந்தாய். அப்போதும் நான் "நீயும் நிண்டிருக்க வேண்டியது" என்றேன். என்ன வாய் இது.

அந்த முந்தைய பிள்ளையை நான் பெரிதாகத் தேடிக்கொண்டிருந்தேன் போலும். நீ தேடவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தபோது என்ன சொன்னாய் தெரியுமா? "எழுத்து ஓடிப்போகாது அம்மா. மறந்தால் திரும்பப் பார்க்கலாம். ஆக்கள் கதைக்கிறதுதான் ஓடுது." அந்த யோசனை முந்தைய பிள்ளைக்கு வந்திருக்காது. அவள் கெட்டிக்காரி, ஆனால் தன் தலையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

சரி, கேட்டதுக்கு வருகிறேன். வேலையிடத்தில் யாரும் கேட்டால் மூளையழற்சி வந்து சுகமானது என்று சொல். அதற்கு மேல் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். ஊரில் "விசர்" என்று ஒரு சொல் இருக்கிறது, அதை எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் சொன்னார். அவரோடு நான் இப்போது கதைப்பதில்லை. கலியாணப் பேச்சு வந்தால் மறைக்க மாட்டோம் என்று அப்பாவும் நானும் முடிவெடுத்துவிட்டோம். அதுவும் நீ விரும்பினால்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. இந்த வருத்தம் சிலருக்குத் திரும்பி வருகிறதாம். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரை வராவிட்டால், ஆட்கள் உன்னைப் பற்றிக் கதைப்பதாகத் தோன்றினால், எனக்கு எடுத்து நேரத்தை வீணாக்காதே. முதலில் கிளினிக். பிறகு எனக்கு. பின்னேரம் களைத்துப்போனால் படு, அங்கே உன்னை யாரும் அளந்து பார்க்கவில்லை. இங்கே அளந்தவளும் இனி அளக்க மாட்டாள், அல்லது வாயைப் பொத்திக்கொண்டு அளப்பாள்.

தாள்கள் எல்லாவற்றையும் அனுப்புகிறேன். மார்ச் 26 தாளும் இருக்கிறது. அன்று எழுதாமல் விட்டதை நேற்றுத்தான் எழுதி வைத்தேன், அதுதான் மை புதிதாக இருக்கும். நாளை இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், விடிய வெள்ளவத்தைக்கு வந்துவிடும். பேணி இரண்டு. நீல மூடி தாள்கள். சிவப்பு மூடி பருத்தித்துறை வடை, இரண்டு கட்டிப் பனங்கட்டியும் இருக்கிறது. சிவப்பு மூடியை முதலில் திற.

அம்மா