‘திருச்சபைக்கு எதிராக’ என்ற தலைப்பை மாற்ற வைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே, பெரியவர்களே,

1229இல் பாரிஸ் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த கதையை எங்கள் ஊர் நூலகத்தில் மூன்று சனிக்கிழமை மாலைகள் பேசினேன். போன வாரத்தோடு முடிந்தது. கேட்க வந்தவர்கள் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு சிலர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, எனக்கு லத்தீன் வரிகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்த அருட்தந்தைக்கு. ‘திருச்சபைக்கு எதிராக மாணவர்கள்’ என்று தலைப்பே எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஃபாதர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “சரி, நடந்ததை முதலில் சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய கொண்டாட்ட நாட்கள். பாரிஸ் நகரத்துக்கு வெளியே சான் மார்செல் என்ற பகுதியில் ஒரு மதுக்கடை. நல்ல ஒயின் குடித்த மாணவர்களுக்கும் கடைக்காரருக்கும் விலையில் தகராறு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து மாணவர்களை அடித்துத் துரத்தினார்கள். மறுநாள் மாணவர்கள் ஆள் திரட்டிக்கொண்டு தடிகளோடு வந்து கடையை உடைத்தார்கள், ஒயினைத் தரையில் ஓடவிட்டார்கள், தெருவில் அகப்பட்டவர்களை எல்லாம் அடித்தார்கள்.

“அந்த மாணவர்கள் யார்?” என்று கேட்டார் ஃபாதர். அங்கேதான் என் தலைப்பு ஆட்டம் கண்டது. அன்றைய பாரிஸ் மாணவர் சட்டப்படி திருச்சபையின் ஆள். அவரை விசாரிக்கும் உரிமை திருச்சபை நீதிமன்றத்துக்குத்தான் என்று 1200இலேயே அரசர் பிலிப் அகஸ்டஸ் எழுதிக்கொடுத்திருந்தார். புகார் சொன்னதும் திருச்சபையின் ஆள்தான், சான் மார்செல் கோயிலின் தலைவர். அதை ஏற்றுக்கொண்டவர்கள் திருத்தந்தையின் தூதர் ரொமானோவும் பாரிஸ் ஆயர் வில்லியமும். சிறுவயது அரசர் ஒன்பதாம் லூயிக்காக ஆட்சி நடத்திய தாய் பிளான்ஷ், தண்டிக்கச் சொல்லி உத்தரவிட்டார். காவலர்கள் போய்த் தாக்கியது, மதில்களுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த வேறு மாணவர்களை. சிலர் செத்தார்கள். நியாயம் கேட்டுப் போன ஆசிரியர்களுக்கு அரசியிடமும் ஆயரிடமும் தூதரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் நியாயம் வந்தது திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியிடமிருந்து.

அடிபட்டவரும் புகார் சொன்னவரும் கைவிட்டவரும் காப்பாற்றியவரும் ஒரே திருச்சபைக்குள் இருந்தார்கள். அன்று இரவே தலைப்பை அடித்துவிட்டேன். ஃபாதர், உங்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

அடுத்து, என் தமிழைத் திருத்திய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதியிருந்தேன். “நிறுத்தியது யார்? எதை?” என்று கேட்டார். நிறுத்தியவர்கள் ஆசிரியர்கள், நிறுத்தியது பாடத்தை. ‘பாடநிறுத்தம்’ என்ற சொல்லை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். அந்தச் சொல் வந்த பிறகுதான் விஷயத்தின் கனம் எனக்கே புரிந்தது. அன்றைய பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகப் பெரிய கட்டடங்கள் கிடையாது. மனிதர்கள்தான் பல்கலைக்கழகம். ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்குள் நியாயம் கிடைக்காவிட்டால் ஆறு ஆண்டுகளுக்குப் பாரிஸில் பாடம் இல்லை என்று அறிவித்துவிட்டு, அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆர்லியான், ஆன்ஜே, ரீம்ஸ் என்று மற்ற பிரெஞ்சு நகரங்களுக்குச் சிதறினார்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி, எங்கள் நாட்டுக்கு வாருங்கள் என்று அழைப்பு அனுப்பினார்.

அவர்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்த தெற்கு பிரான்சின் துலூஸ் நகரத்தின் கதையைத் தேடித்தந்தது எங்கள் நூலகர் அக்கா. அங்கே அந்த ஆண்டுதான் புதுப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது, திருச்சபை ஏற்காத மாற்றுக்கொள்கைகளை எதிர்க்க வேண்டும் என்றே. ஆனால் ஆள் சேர்க்க அவர்கள் அனுப்பிய மடலில், பாரிஸில் தடைசெய்யப்பட்ட அரிஸ்டாட்டிலின் இயற்கையைப் பற்றிய நூல்களை இங்கே பாடமாகக் கேட்கலாம் என்று இருக்கிறது. அக்கா அந்தப் பக்கத்தை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்து, நகலெடுத்து, என் கையில் வைத்தபோது என்னைவிட அவர் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம். அக்கா, நகலுக்கு நீங்கள் வாங்க மறுத்த காசு என் கணக்கில் அப்படியே இருக்கிறது.

பாரிஸில் வேலைபார்க்கும் தோழிக்கும் நன்றி. குளிரில் லத்தீன் பேட்டையிலிருந்து சான் மார்செல் வரை நடந்து, படம் எடுத்து அனுப்பினாள். பழைய கோயில் இப்போது இல்லை. அந்தப் பக்கம் ஓடிய பியெவ்ர் சிற்றாறும் மண்ணுக்கடியில் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் எவ்வளவு தூரம், எவ்வளவு இறக்கம் என்று அவள் கால் சொன்னதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

1231 ஏப்ரல் 13இல் வந்த திருத்தந்தையின் ஆணையை, ‘அறிவுகளின் தாய்’ என்று பாரிஸை அழைத்துத் தொடங்குவதை, மூன்றாம் மாலை முழுக்க வாசித்தோம். ஒரு மாணவர் கொல்லப்பட்டாலோ உறுப்பு வெட்டப்பட்டாலோ, 15 நாட்களில் பரிகாரம் கிடைக்காவிட்டால் பாடத்தை நிறுத்தலாம். சான்சலர், அதாவது பாடம் நடத்த அனுமதி தரும் திருச்சபை அதிகாரி, தனக்கென்று சிறை வைத்துக்கொள்ளக் கூடாது. கடனுக்காக மாணவரைப் பிடிக்கக் கூடாது. மாணவர்களும் ஆயுதத்தோடு நகரத்தில் திரியக் கூடாது. அரிஸ்டாட்டிலின் அந்த இயற்கை நூல்கள் மட்டும், பிழை நீக்கப்படும்வரை, தடையிலேயே இருந்தன. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசி நன்றி, அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற பதினொன்றாம் வகுப்புத் தம்பிக்கு. “அந்தக் கடைக்காரருக்கு யார் நியாயம் செய்தார்கள்?” என்று கேட்டாய். ஆணையில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செத்தவர்களில் ஒருவர் ஃபிளாண்டர்ஸ்காரர், ஒருவர் நார்மண்டிக்காரர் என்று மத்தேயு பாரிஸ் என்ற ஆங்கிலத் துறவி எழுதிவைத்திருக்கிறார், பெயர்கள் இல்லை. மூன்று மாலையும் அவர்களுக்காகவே பேசினேன், கடையை இழந்தவரை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பேச்சைச் சிறு நூலாக்கும் வேலை தொடங்கிவிட்டது. முதல் அத்தியாயத்தை அந்தக் கடை வாசலிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன் தம்பி. முடித்ததும் முதலில் நீ படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்களிடம் கற்றுக்கொண்டவன்