எட்டுக் கைக்காரியும் ஒரு மூடியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. மகள் உயிரியல் எடுத்ததில் உன்னைவிட எனக்குச் சந்தோஷம். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "அவளும் உன்னைப் போல ஆக்டோபஸ் வளர்க்கணுமாம், ஆனால் அது தொட்டியை விட்டு ஓடப் பார்த்துக்கொண்டே இருக்குமாமே, நிஜமா?" என்று, அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

நிஜம்தான். மீன் வளர்க்கிறவர்களுக்கு இந்த அளவு கவலை இல்லை. ஆக்டோபஸுக்கு எலும்பு கிடையாது. உடம்பில் கெட்டியாக இருப்பது கிளிமூக்கு மாதிரி உள்ள அலகு ஒன்றுதான். அந்த அலகு நுழைகிற ஓட்டை கிடைத்தால் போதும், மற்ற உடம்பு பின்னாலேயே வந்துவிடும்.

என்னிடம் இருப்பவள் இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ். கலிஃபோர்னியாக் கடற்கரையை ஒட்டி வாழும் இனம். இரு கண்ணுக்கும் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீல வளையம் இருக்கும்; புதிதாகப் பார்க்கிறவர்கள் அதையே கண் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆணாக இருந்தால் வலப்பக்கத்து மூன்றாவது கையின் நுனியில், ஒட்டிப் பிடிக்க உதவும் உறிஞ்சிகள் இருக்காது. இவளுக்கு எட்டுக் கையிலும் நுனிவரை இருக்கின்றன, அதனால் பெண் என்று தெரியும். இந்த இடத்தில் மகளிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடு. நீலவளைய ஆக்டோபஸ் என்று இன்னொரு இனம் உண்டு. உருவத்தில் சிறியது, பார்க்க அத்தனை அழகு. அதன் கடியில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது; மூச்சுவிடும் தசைகளை முடக்கி ஆளையே கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. எவ்வளவு ஆசைப்பட்டாலும் அது வீட்டுக்குள் வரக்கூடாது.

இனி மூடிக்கு வருகிறேன். இவள் வெளியே வரப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் விளக்கு மங்கும் நேரம். முதலில் ஒரே ஒரு கை மேலே வரும். மூடியின் விளிம்பை ஓரமாகவே தடவிக்கொண்டு போகும். ஒயர் இறங்கும் இடத்தில் நிற்கும், நுனியை உள்ளே விட்டுப் பார்க்கும், அடுத்த மூலைக்கு நகரும். இதெல்லாம் நடக்கும்போதே கீழே மற்ற கைகள் நண்டை உடைத்துக்கொண்டிருக்கும். ஆக்டோபஸின் நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அதில் பாதிக்கு மேல் மூளையில் இல்லை, கைகளில்தான் பரவிக் கிடக்கின்றன. உறிஞ்சிகளுக்குத் தொடு உணர்வோடு சுவை உணர்வும் உண்டு. ஆகவே அந்தக் கை என் மூடியைத் தொட்டு மட்டும் பார்க்கவில்லை, ருசியும் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் எனக்கு ஓடுவதில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்துவிடுகிறேன்.

பாரம் வைத்தால் மூடி நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். அவள் மூடியைத் தூக்கவேண்டும் என்பதில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும். கனமான அக்ரிலிக் மூடி, நாலு பக்கமும் வெளியிலிருந்து போடும் கொக்கி, இதுதான் சரி. ஆனால் மூடி வழியாக வருவதைவிட ஓட்டை வழியாக வருவதுதான் அதிகம். ஒயரும் குழாயும் நுழையும் இடங்களை ஒன்றுவிடாமல் அடைத்திருக்கிறேன். ஃபில்டருக்குத் தண்ணீர் வழியும் வாயில் வலை, பம்ப் உறிஞ்சும் முனையில் பஞ்சு. பஞ்சு இல்லாவிட்டால் அவள் கை அதற்குள் இழுபட்டுக் காயமாகிவிடும். தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிச் செயற்கைப் புல்விரிப்பு ஒட்டியிருக்கிறேன். பெரிய கடலுயிர்க் காட்சியகங்களிலும் இதைச் செய்கிறார்கள். உறிஞ்சி ஒட்டிப் பிடிக்க வழவழப்பான பரப்பு வேண்டும். புல்லில் பிடி கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு, மூடியை மட்டும் பார்த்தால் போதும் என்று மகள் நினைத்துவிடக் கூடாது. 2009இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் உள்ள காட்சியகத்தில் இதே இனத்துப் பெண் ஒன்று தொட்டிக்குள் இருந்த வால்வைப் பிரித்துவிட்டது. இரவு முழுக்கத் தண்ணீர் வெளியே கொட்டி, சுமார் 200 கேலன் தரையில் ஓடியது. கைக்கு எட்டுகிற எதுவும் பிரிபடும் என்று வைத்துக்கொண்டுதான் தொட்டியை அமைக்கவேண்டும்.

நியூசிலாந்தின் நேப்பியரில் உள்ள தேசியக் காட்சியகத்தில் இருந்த இங்கி என்ற ஆக்டோபஸைப் பற்றி நீயே கேள்விப்பட்டிருப்பாய். 2016இல் உலகம் முழுக்கப் பேசினார்கள். மூடி சற்றே திறந்திருந்தது. வெளியே வந்து, தரையைக் கடந்து, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. அதைச் சிறையுடைத்த வீரனாக எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் கதையில் மனம் நிற்கிற இடம் வேறு. அதே தொட்டியில் பிளாட்சி என்று இன்னொரு ஆக்டோபஸும் இருந்தது. மூடி அதற்கும் திறந்துதான் இருந்தது. அது போகவில்லை.

இதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் பிரைட்டன் காட்சியகத்தில் நடந்ததாக ஒரு பதிவு உண்டு. ஓர் ஆக்டோபஸ் இரவில் பக்கத்துத் தொட்டிக்குப் போய் மீனைத் தின்றுவிட்டுத் தன் தொட்டிக்கே திரும்பி வந்துகொண்டிருந்ததாம். கடலில் அதன் பிழைப்பே அப்படித்தான். பாறை இடுக்கில் குடியிருக்கும், இரை தேடிப் புறப்படும், திரும்பும், கொஞ்ச நாளில் வேறு இடுக்குக்கு மாறும். என் வீட்டுக்காரி மூடியைத் தள்ளுவதும் அந்தத் தேடல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் மேல் கோபமோ தொட்டியின் மேல் வெறுப்போ அதில் இல்லை. இங்கிக்குக் குழாயின் மறுமுனையில் கடல் இருந்தது. இவளுக்குத் தரைதான் இருக்கிறது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் செவுள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோல் வழியாகக் கிடைக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை வைத்துச் சிறிது நேரம்தான் தாங்கும்.

எப்போதாவது வெளியே வந்துவிட்டால் பதறிப்போய்ப் பிடித்து இழுக்கக் கூடாது. உறிஞ்சிகள் தரையை இறுகப் பிடித்திருக்கும், இழுத்தால் தோல் கிழியும். கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அதே தண்ணீர் நிறைந்த அகலமான பாத்திரத்தைப் பக்கத்தில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். குழாய்த் தண்ணீரை அவள்மேல் ஊற்றவே கூடாது. திரும்பப் போன பிறகு மை கக்கினால், மூடிய தொட்டியில் அந்த மை அவளுக்கே கேடு. உடனே தண்ணீரை மாற்றி, கார்பன் ஃபில்டரைப் போடவேண்டும்.

தண்ணீரைப் பற்றி மகள் படித்துக்கொள்வாள், சுருக்கமாகச் சொல்கிறேன். 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு, இந்த இனத்துக்கு 22 டிகிரிக்கு மேல் போகாத குளிர்ச்சி. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக்கூடாது, அதனால் அவற்றை மாற்றும் பாக்டீரியா வளர, ஆக்டோபஸ் வருவதற்குப் பல மாதம் முன்பே தொட்டியை ஓடவிட்டுப் பழக்கியிருக்கவேண்டும். செம்பு துளியும் ஆகாது. அவள் ரத்தமே செம்பு கலந்த நீல ரத்தம்தான், மூன்று இதயம் அதை ஓட்டுகிறது. ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அவளைக் கொன்றுவிடும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேலை கொடுத்தால் அவள் மூடிப்பக்கம் வருவது குறைகிறது. நண்டை அப்படியே போடாமல் திருகுமூடி ஜாடிக்குள் வைத்துக் கொடுக்கிறேன். ஜாடியை முழுசாக அணைத்துக்கொண்டு உட்காருவாள், நிறம் அலையலையாக மாறும், மூடி திரும்பும். பாறைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பேன், தானே அடுக்கிக்கொள்ளச் சிப்பி ஓடுகள் போடுவேன். ஜெனிஃபர் மேதரும் ரோலண்ட் ஆண்டர்சனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சில ஆக்டோபஸ்கள் மிதக்கும் மாத்திரைப் புட்டியைத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளிவிட்டு, அது நீரோட்டத்தில் திரும்பி வந்ததும் மறுபடி தள்ளின. தின்ன முடியாத பொருள் என்று தெரிந்த பிறகும் தள்ளிக்கொண்டிருந்ததால் அதை விளையாட்டு என்றே எழுதினார்கள். சும்மா இருக்க முடியாத மூளை அது. வெறும் கண்ணாடிப் பெட்டியில் அதை அடைத்து வைத்துவிட்டு, ஓடப் பார்க்கிறதே என்று குறைப்பட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆளையும் தெரிந்துவைத்திருக்கிறாள். சியாட்டில் காட்சியகத்தில் ஒரே மாதிரி உடை போட்ட இருவரில் ஒருவர் தீனி கொடுத்தார், இன்னொருவர் சொரசொரப்பான குச்சியால் தொந்தரவு செய்தார். இரண்டு வாரத்தில் யார் யார் என்று பசிபிக் ராட்சத ஆக்டோபஸ்கள் பிரித்தறிந்துவிட்டன. நான் உள்ளே வந்தால் இவள் முன்கண்ணாடிக்கு வருவாள். புது ஆள் வந்தால் இடுக்கைவிட்டு அசையமாட்டாள்.

இப்போது உன் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கேள்வி. வளர்க்கலாமா? இந்த இனத்துக்கு ஆயுள் ஓரிரண்டு வருஷம்தான். பெண் முட்டையிட்டால், கருவுறாத முட்டையானாலும், அதைக் காத்துக்கொண்டே தின்பதை நிறுத்திவிடும், அப்படியே போய்விடும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பிதான் இதை நடத்துகிறது. 1977இல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டபோது தாய் ஆக்டோபஸ்கள் மறுபடி தின்ன ஆரம்பித்தன, கூடுதல் காலம் இருந்தன. இவளும் முன்போல் அலைவதில்லை. அந்த முடிவு எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் வலிக்கிறது. 2022இல் பிரிட்டன் தன் சட்டத்திலேயே ஆக்டோபஸை உணர்வுள்ள உயிர் என்று சேர்த்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு அதைச் சட்டம் சொல்லவேண்டியதில்லை.

நான் இன்னொன்று வாங்கப்போவதில்லை, தோழி. இவளோடு கழித்த பொழுதுக்கு ஈடாக எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் இத்தனை தேடுகிற ஓர் உயிருக்கு என்னால் கொடுக்க முடிந்தது இந்தத் தொட்டி அளவுதான். உன் மகளை நான் தடுக்கவில்லை. கடலில் பிடித்ததை வாங்காதே, முட்டையிலிருந்து வளர்த்ததைத் தேடு என்று சொல். இந்த இனத்தின் குஞ்சு நீரில் மிதந்து திரியாமல் பொரித்ததும் அடியில் தங்கிவிடும், அதனால் வளர்த்தெடுக்க வழி உண்டு. பல நாள் வீட்டை விட்டு வெளியூர் போகிறவளானால் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்.

முடிவெடுக்கும் முன் அவளை விடுமுறைக்கு இங்கே அனுப்பிவை. நண்டு கொடுப்பது, பஞ்சைக் கழுவுவது, இரவில் கொக்கியும் ஓட்டையும் சரிபார்ப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. கைக்கு கிரீம் போட்டுக்கொண்டு வரக்கூடாது, தண்ணீரில் கரையும். முதல் சில நாள் எட்டுக் கைக்காரி அவள் முகத்திலேயே தண்ணீர் பீய்ச்சலாம், அதற்குத் தயாராக வரட்டும். கால் ஒத்துழைத்தால் நீயும் கூட வா. எந்த ரயில் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி