எட்டு மணிக்கு நூலகக் கதவைத் திறக்க அனுமதி கொடுங்கள்

எங்கள் கல்லூரி முதல்வர், ஆட்சிக்குழுவினர், துறைத் தலைவர்கள் அனைவருக்கும் நூலகரின் வணக்கம்.

கோவையில் நடந்த கல்லூரி நூலகர்கள் கருத்தரங்குக்கு என்னை அனுப்பி வைத்தீர்கள், நன்றி. திரும்பி வந்ததும் அறிக்கை, சான்றிதழ் நகல், பயணப்படி பில் எல்லாம் கொடுத்தாயிற்று. அந்த அறிக்கை, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டிக்கான கோப்பில் போய் உட்கார்ந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் மாணவர்களும் படிக்கிற மாதிரி பொதுவில் எழுதுகிறேன்.

அங்கே பாதி நேரம், புத்தகத்தில் ஒட்டிய மின்னணுச் சில்லைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி கதவு, செயற்கை நுண்ணறிவு என்றே போனது. நல்லவைதான். அவற்றை விற்க வந்தவர்களும் வாசலிலேயே கடை போட்டிருந்தார்கள். எனக்கு உறைத்தது வேறு. மலையடிவாரக் கல்லூரி ஒன்றின் நூலகர், தன் வருகைப் பதிவேட்டை மணிவாரியாகப் பிரித்துப் போட்டுக் காட்டினார். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் அவர்களால் வர முடிகிறது என்று பாருங்கள் என்றார். வந்ததும் நம் கேட் ரிஜிஸ்டரை அப்படிப் புரட்டினேன். ஆசிரியர் கூட்டி வரும் லைப்ரரி பீரியடைத் தவிர மற்ற நேரமெல்லாம் கிட்டத்தட்ட காலி. மாலை நாலரை வரை திறந்திருக்கும் என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருக்கிறோம். மூன்றரைக்கு மேல் கையெழுத்தே இல்லை.

காரணம் பஸ். மஞ்சூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளும் கோத்தகிரிக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இருந்து வருகிறவர்களும் கடைசி மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்கள். அந்த பஸ்ஸை விட்டால் இருட்டில், காட்டெருமை நிற்கிற பாதையில் நடக்க வேண்டும். காலையிலும் ஊருக்கு ஒரே பஸ் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் இங்கே வந்து இறங்கிவிடுகிறார்கள். வகுப்பு ஒன்பதரைக்கு. அதுவரை போர்டிகோவில், ஸ்வெட்டர் கைக்குள்ளே விரல்களை இழுத்துக்கொண்டு, சாரலுக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நூலகக் கதவு பூட்டியிருக்கிறது. பத்து மணிக்குத்தான் திறக்கிறோம். மதிய இடைவேளையில் எனக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு, மறுபடியும் பூட்டு.

நான் கேட்பது இதுதான். நூலகம் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, மதியம் மூடாமல் இயங்கட்டும். நாங்கள் இருவரும் முறை மாற்றி வருகிறோம், மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொள்கிறோம். கூடுதல் ஆள் வேண்டாம், கூடுதல் சம்பளமும் வேண்டாம். எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்பினால் பயோமெட்ரிக்கில் அரை நாள் லீவு விழாதபடி ஓர் உத்தரவு மட்டும் போட வேண்டும்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஆண்டுதோறும் நூலகர் தினமான ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நாம் வண்டி கட்ட வேண்டாம், கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

அப்புறம் அபராதம். ஓர் ஆளுக்கு இரண்டு புத்தகம், பதினான்கு நாள், தாமதித்தால் நாளுக்கு ஒரு ரூபாய். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொள்ளும், கலெக்டர் விடுமுறை விடுவார், நம் கணக்கில் மட்டும் ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். நாம் பயன்படுத்தும் கோஹா, 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் புழக்கத்துக்கு வந்த இலவச நூலக மென்பொருள். அதன் நாள்காட்டியில் விடுமுறையைக் குறித்து, அபராதக் கணக்கை அதோடு இணைத்துவிட்டால் அந்த நாளுக்குப் பணம் ஏறாது. இது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அபராத வரவு ஏன் குறைந்தது என்று தணிக்கையில் கேட்டால் காட்டுவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். பாடநூல்களையாவது புத்தக வங்கி மாதிரி பருவம் முழுவதற்கும் கொடுத்துவிடலாம். பதினான்கு நாளுக்கு ஒருமுறை முத்திரை குத்துவதால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

கல்லூரிகளுக்கு இணையத்தில் ஆய்விதழ்களும் நூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். காந்திநகரில் இருக்கும், பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் வழியாக ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களும் மின்னூல்களும் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகப் பயனர் கணக்கை நாம்தான் உருவாக்கித் தர வேண்டும். சேர்க்கை முடிந்ததும் மாணவர்களின் பெயரும் மின்னஞ்சலும் அடங்கிய கோப்பை அலுவலகம் எனக்கு அனுப்பினால் மொத்தமாக ஏற்றிவிடுவேன். இப்போது அந்தக் கோப்பு என் மேசைக்கு வருவதற்குள் முதல் பருவத் தேர்வே முடிந்துவிடுகிறது. ஹட்டியில் சிக்னல் கிடைக்காத பிள்ளை, காலை எட்டு மணிக்கு நூலக வைஃபையில் வேண்டியதை இறக்கிக்கொண்டு போகலாம்.

நம் புத்தகங்களில் பிடிக்கிற பூஞ்சைக்கும் கருத்தரங்கில் விடை இருந்தது, செலவில்லாத விடை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜூனில் இருந்து நவம்பர் வரை நமக்கு அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் எத்தனை? நம் கண்ணாடி பீரோக்கள் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. சுவரின் குளிர்ச்சியில் முதுகுப்பக்கம் வியர்த்து, கடைசி வரிசைப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்து, கதவுகளைக் கழற்றி, காற்று ஓடவிட வேண்டும். எலக்ட்ரீஷியனும் இரண்டு அட்டெண்டர்களும் ஒரு சனிக்கிழமை வந்தால் முடிகிற வேலை.

நூலகத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் டிஜிட்டல் அரங்கு கட்டும் யோசனை ஆட்சிக்குழுவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சமவெளிக் கம்பெனி ஒன்று கொடுத்த கொட்டேஷனையும் பார்த்தேன். அதில் ஏசியும் இருக்கிறது, ஊட்டிக்கு! ஒரு வருடம் பொறுங்கள். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கில் ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும், மின்வெட்டிலும் வைஃபை நிற்காமல் இருக்க ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிக் கொடுங்கள். மணி நேரம் மாறியபின் கூட்டம் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அரங்கைப் பற்றிப் பேசலாம்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவத்துக்குக் கடனாகக் கொடுக்க வேண்டிய பாடநூல்களின் பட்டியலை, தமிழ்வழிப் பிரிவுக்கும் சேர்த்து, மே மாதத்துக்குள் கொடுங்கள். கல்லூரி திறக்கும் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர்,
உதகமண்டலம்