ஆல்பத்தை முழுசாகக் கைமாற்றுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைப் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் "இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலுக்கு இப்போது வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒற்றைப் பாட்டின் சுட்டிதான். எந்த ஆல்பம், எந்த ஆண்டு, யார் வாசித்தார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் வாரம் ஒரு முறை சிறிய இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். வாசகர்கள் தாங்கள் கேட்டு மகிழும் பழைய ஆல்பம் ஒன்றையும் புதியது ஒன்றையும் பற்றி அதில் எழுதட்டும். பாட்டாக இல்லாமல் முழு ஆல்பமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பாடல்களின் வரிசையும் இசையைச் சேர்ந்ததுதான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-ல் வந்தது; தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையான ஆல்பம். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பின் முகப்புப் பகுதி ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் ராஜா தன் வயலின்களைப் பேச விடுகிறார். அடுத்த உருப்படியின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பாக்கை வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம். பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளைப் போட்டால் சந்திப்பு ஓரிடத்திலும் பேச்சு வேறிடத்திலும் போய் விழும். செயலியில் கேட்பவர்கள் ஆல்பத்தைத் தொடங்கும் முன் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிட வேண்டும். கிராஸ்ஃபேடு இருந்தால் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கத்துக்குள் கரைந்து, இடையில் வைத்த மௌனம் காணாமல் போகும்.

ஆண்டை எழுதும்போது செயலியை நம்ப வேண்டாம். பழைய படங்களுக்குப் பல சமயம் டிஜிட்டலில் ஏற்றிய ஆண்டுதான் அங்கே இருக்கும். இசைத்தட்டின் உறையையோ கேசட்டின் உள்ளட்டையையோ பார்த்து எழுதுவதே சரி. 'ஹிட்ஸ்' என்று கட்டிய தொகுப்புகள் ஆல்பம் ஆகா. சிலவற்றில் மூலப் பாடகருக்குப் பதில் வேறு குரல் மறுபதிவு செய்ததும் கலந்திருக்கும்.

பக்கவாத்தியக்காரர்களின் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இதை நம்ம ஊருக்காகவே வற்புறுத்துகிறேன். 2004-ல் சங்கீத கலாநிதி பெற்ற மிருதங்க வித்வான் வேலூர் ராமபத்ரனைச் செயலியில் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் வாசித்ததில் பெரும்பகுதி கிடைக்காது. அவை எல்லாம் பாடியவரின் பெயரில் இருக்கின்றன. தட்டின் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் ஒற்றை வரிதான் அவரைக் கண்டுபிடிக்க வழி.

பழையதும் புதியதும் எப்படிக் கைகோக்கும் என்பதற்கு, இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த 'சக்தி' குழு நல்ல உதாரணம். 1975-ல் மேடையில் பதிவாகி 1976-ல் வந்த முதல் ஆல்பத்தில் விக்கு விநாயக்ராம் கடம் வாசிக்கிறார். 2023-ல் வந்து மறு ஆண்டு கிராமி வாங்கிய 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் கஞ்சிரா அவர் மகன் செல்வகணேஷ். இரண்டையும் ஒரே மாலையில் கேட்கலாம். முதல் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க ஏறத்தாழ 29 நிமிடத்துக்கு ஒரே உருப்படி. எல்.பி. என்னும் பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம்தான் வசதி. 29 நிமிடம் என்றால் வரிப்பள்ளங்களை நெருக்கி, ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். அதனால் அந்தப் பக்கத்தில் தூசியின் கரகரப்பு கூடுதலாகக் கேட்கும். தட்டின் மேல் பழி போடுவதற்கு முன் அதைக் கழுவிப் பாருங்கள்.

புதியதைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019-ல் கொடுத்த 'தெருக்குறள்' முழு ஆல்பமாகக் கேட்க வேண்டியது. வேலூரில் பிறந்த வாணி ஜெயராமின் எழுபதுகளின் படப்பாட்டுத் தட்டுகளை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக் கேட்டால், ஒரே வட்டாரத்திலிருந்து எத்தனை விதமான குரல் கிளம்பியிருக்கிறது என்பது புரியும்.

தட்டும் கேசட்டும் இரவல் கொடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கத்திரி வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் நெளிய அது போதும், நெளிந்ததை வீட்டில் நிமிர்த்தவும் முடியாது. காலையிலேயோ இருட்டிய பிறகோ கைமாற்றுங்கள். வீட்டில் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நேராக நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும்; அந்த இரண்டு மாதம் உறையின் வாயைத் திறந்தே விடலாம்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் பக்கத்துத் தண்ணீரில் உள்ள உப்பு பள்ளத்துக்குள் காய்ந்து, முன்பைவிட அதிகமாகப் பொரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலச வேண்டும். நடு லேபிள் நனையக் கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கினால் ஆனது; ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அதன் பள்ளமும் அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் போய் உரசும் என்பதால் தனி ஊசி வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பிளேயரில் சுருதி இறங்கிக் கேட்டால் முதலில் மோட்டாரைப் பாருங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே விற்ற ஏசி மோட்டார் பிளேயரை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டினாலும் வேகம் ஆறில் ஐந்து பங்குதான் வரும், 5 கட்டைச் சுருதியில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிப் பாடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டாரில் பட்டை ஓடும் சக்கரமான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்ற வேண்டும். ஊசியின் அழுத்தம் ஊசியைத் தாங்கும் இப்போதைய கார்ட்ரிட்ஜ்களுக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம். கனம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து மேலும் குறைக்கிறார்கள். அப்படிக் குறைத்தால் ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளி, சுவரைக் கீறிவிடும்.

கேசட் பல ஆண்டு சும்மா கிடந்திருந்தால் எடுத்த எடுப்பில் பிளே அழுத்தாதீர்கள். முதலில், ஒலியை எடுக்கும் பாகமான ஹெட்டை நாடா தொடும் இடத்தில் உள்ள சின்னப் பஞ்சுப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஏறி இறங்கும். பிறகு ஒரு முறை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்ற வேண்டும். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டைவிட மெலிசு. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையில் பிசுக்கு இருந்தால் அது சிக்கிக்கொள்ளும். பட்டை நன்றாக இருந்தும் எல்லாக் கேசட்டும் மந்தமாகக் கேட்டால் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். ஒரு கேசட் மட்டும் மந்தம் என்றால் அது வேறு கோணத்தில் இருந்த ஹெட்டில் பதிவானது. ஹெட்டின் பக்கத்துத் திருகை மிக மெதுவாக, கீச்சொலி தெளியும் வரை திருப்பலாம். பழைய நிலையை முன்பே குறித்துக்கொள்வது அவசியம்.

இவற்றைக் கணினியில் ஏற்றுவது சொந்தப் பாதுகாப்புக்கு மட்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நிற்கும். கோப்பைக் குழுக்களில் சுற்றவிடாமல் தட்டையே இரவல் கொடுங்கள். புதிய ஆல்பமானால் உரிமையுள்ளவர்கள் வெளியிட்ட பக்கத்தின் சுட்டியை அனுப்பினால் போதும்.

தாங்கள் ஒதுக்கும் இடத்தில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் 60 சொல் தாராளம். ஆல்பத்தின் பெயர், ஆண்டு, இசைத்தவர்கள், எந்தப் பக்கத்தில் தொடங்கிக் கேட்கலாம், எதில் கிடைக்கிறது என்ற விவரம் இருக்கட்டும். இரவல் தரத் தயார் என்றால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். மாவட்ட மைய நூலகம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு அறை தந்தால், அந்த மாதம் அச்சானவற்றில் இரண்டை எல்லோரும் உட்கார்ந்து முழுதாகக் கேட்கலாம். பிளேயரும் ஒலிபெருக்கியும் கொண்டுவர ரசிகர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
இசை ரசிகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர்.