டோக்கனுக்கு முன்னால் பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்குவோருக்குப் பத்திரிகைகள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் வங்கிக் கடனையும் வட்டியையும் பற்றியே இருக்கின்றன. ஆனால், சென்னையிலும் புறநகரிலும் புரோக்கர் மூலம் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களின் பணம் அதற்கு வெகு முன்பே சிக்கிக்கொள்கிறது. வீட்டைப் பார்த்த அன்றைக்கே, "வேற ஒரு பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், ஒரு டோக்கன் போட்டு வச்சிடுங்க" என்பார் புரோக்கர். நல்ல வீடு கைநழுவிவிடுமே என்ற பதற்றத்தில் டோக்கன் என்ற முன்பணமாக ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்துவிடுகிறார்கள். ரசீது இருக்காது, இருந்தாலும் புரோக்கர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டாக இருக்கும். பத்திர நகல் அதன் பிறகுதான் கைக்கு வரும். அதில் கோளாறு தெரிந்து விலகினால் டோக்கன் திரும்ப வராது. இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகுமுன் போனிலேயே புரோக்கரிடம் சர்வே எண், சார் பதிவாளர் அலுவலகம், யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத பாக மனையின், அதாவது மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பங்கின், அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் உரிமையாளரா, அவரிடம் அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கி அவருக்காக விற்கும் பவர் ஏஜென்டா என்பதையும் கேளுங்கள். சொல்லத் தயங்கும் புரோக்கருக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரருடன் நேரடித் தொடர்பு இருக்காது. நடுவில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள், அத்தனை பேருக்கும் கமிஷன் போகும்.

சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் இசி எனப்படும் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்க்கலாம். கதவு எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப் பத்திரங்கள் விடுபட்டுப்போகும். பழைய சர்வே எண், உட்பிரிவு எண் எல்லாவற்றையும் கொடுத்துத் தேட வேண்டும். அந்த ஊர் முன்பு வேறொரு சார் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். பதிவான பத்திரங்கள் மட்டுமே இசியில் வரும். பதிவாகாத உயிலையும், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கையும் அது காட்டாது. அதனால் இசியில் வில்லங்கம் இல்லை என்பதை வைத்து மட்டும் சொத்து சுத்தமானது என்று முடிவுகட்ட முடியாது.

அதே இசியில் யுடிஎஸ் கணக்கையும் சரிபார்க்கலாம். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், ஒரே அளவில் ஆறு வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 400 சதுர அடி யுடிஎஸ் வர வேண்டும். மனையின் இசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் விற்ற யுடிஎஸ் வரிசையாக இருக்கும், கூட்டிப் பாருங்கள். 2,400-ஐத் தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார்கள். குறைந்தால் மீதி இன்னும் பில்டர் பெயரிலோ பழைய நிலத்துக்காரர் பெயரிலோ இருக்கிறது, நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அவரும் பங்குக்கு வருவார். அப்ரூவல் பிளானைக் கேட்டு வாங்கி மாடிகளையும் எண்ணுங்கள். பிளானில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்றால் அந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். புரோக்கர் விலையைக் குறைத்துச் சொல்வது பெரும்பாலும் அந்த வீட்டுக்குத்தான்.

பரம்பரைச் சொத்தென்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் உயிரோடிருக்கும் தாய்க்கும் சம பங்கு உண்டு. மகள்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்குகிறவர்கள்கூட அந்தத் தாயை மறந்துவிடுகிறார்கள். பவர் பத்திரம் என்றால், பவர் கொடுத்தவர் இறந்தவுடனேயே அது செல்லாது. புரோக்கர் பேச்சை நம்பாமல் பவர் கொடுத்தவரிடம் ஒரு வீடியோ காலிலாவது நேரடியாகப் பேசிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் வீட்டைப் பார்க்க வேண்டும். பகலில் ஒரு முறை, முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை. வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அந்தச் சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூம் மேலே உள்ள பரணைத் திறந்து டார்ச் அடித்துச் சீலிங்கைப் பாருங்கள். ஈரமோ உப்புப் பூத்த வெள்ளைப் படலமோ தெரிந்தால் மேல்வீட்டுப் பாத்ரூமிலிருந்து கசிகிறது. அதைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரர் தன் டைல்ஸை உடைக்கச் சம்மதிக்க வேண்டும். காசு கொடுத்தாலும் தீராத தகராறு இது. பூச்சில் ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான விரிசல், சீலிங்கில் கம்பி வாக்கில் ஓடும் விரிசலும் துருக்கறையும், இந்த இரண்டுக்கும் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் பேரம் பேசாதீர்கள். உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது என்று அர்த்தம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இந்தக் கேடு சீக்கிரமே வரும்.

தண்ணீரைப் பற்றி வாட்ச்மேனிடமும் தெருவில் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள், அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள். போர்வெல் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைச் சிறிய டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. குடியிருப்போர் சங்கத்தின் ஏப்ரல், மே, ஜூன் மாதக் கணக்கைக் கேட்டால் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். உட்புறத்தை டேப் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் சதுர அடியில் படிக்கட்டு, லிப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும்.

டோக்கன் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். ரசீதில் பேசிய மொத்த விலை, சொத்து விவரம், ஒப்பந்தம் போடவேண்டிய தேதி ஆகியவற்றோடு, வழக்கறிஞரின் சட்டக் கருத்தோ வங்கியின் ஆய்வோ பாதகமாக வந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்ற வரியும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்க மறுக்கிற வீட்டுக்காரரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம், செலவு மிச்சம்" என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கமிஷன் வழக்கத்தில் 1 முதல் 2 சதவீதம். விற்பவரிடமும் வாங்குவார்களா என்பதை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வாங்குகிறவர் உங்களுக்காக விலையைக் குறைக்கப் போராட மாட்டார். கமிஷனைப் பதிவு முடிந்த அன்று கொடுப்பதுதான் முறை.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரேரா எனப்படும் அதன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்களில் விற்கும் ஏஜென்டுகளை மட்டுமே பதிவு செய்யச் சொல்கிறது. கட்டி இருபது ஆண்டான ஃபிளாட்டை விற்றுத் தருகிறவருக்குப் பதிவும் இல்லை, கேள்வியும் இல்லை. அதிகம் ஏமாறுவது அங்கே வாங்குகிற நடுத்தரக் குடும்பங்கள்தான். ரீசேல் புரோக்கர்களுக்கும் பதிவு எண் கட்டாயம், வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் அந்த எண்ணோடு ரசீது கட்டாயம் என்று தமிழக அரசு விதி கொண்டுவர வேண்டும். தங்கள் நாளிதழ் இந்தக் கோரிக்கையை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், குரோம்பேட்டை, சென்னை.